ஃபோட்டோ கிளப்பில் சில ஆண்டுகள்: விருந்தினர் உரைகளும் பிரிண்ட் விமர்சன இரவுகளும்

ஃபோட்டோகிராபி கிளப்பில் சேரலாமா என்று யாராவது கேட்டால், "அங்கே பிரிண்ட் இரவு, அதாவது தாளில் அச்சிட்ட படங்களை வைத்து விமர்சிக்கும் கூட்டம், நடக்கிறதா?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். திரையில் படத்தைப் போட்டு மதிப்பெண் சொல்வதோடு சரி என்றால், அதற்காக மாலை நேரத்தில் கிளம்பிப் போக வேண்டியதில்லை. அந்த வேலையைக் கைபேசியே செய்துவிடும்.

நான் சில ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். எங்கள் கிளப் நாட்காட்டியில் பாதி விருந்தினர் உரை, பாதி பிரிண்ட் விமர்சனம், நடுநடுவே போட்டிகள். என் கணக்கில் உரைகளில் பெரும்பாலானவை போகாவிட்டாலும் நஷ்டமில்லாதவை. பிரிண்ட் இரவு அப்படியல்ல. சுமாராக நடந்த இரவில்கூட ஏதாவது ஒன்று கையில் கிடைத்திருக்கிறது.

உரைகளில் என்ன குறை? வருகிறவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் ஒன்றரை மணி நேரம் அவர்களுடைய சிறந்த படங்கள் மட்டுமே வரிசையாக ஓடும். இங்கே போனேன், இந்த வெளிச்சம் கிடைத்தது, இந்த லென்ஸ் போட்டேன், அடுத்த படம். நாமும் கை தட்டுவோம். வீட்டுக்கு வந்து யோசித்தால், அவருக்கு நிறைய நேரமும் பொறுமையும் இருக்கிறது என்பதைத் தவிர ஒன்றும் தெரிந்துகொண்டிருக்க மாட்டோம். அப்புறம் கேள்வி நேரம். எந்த கேமரா, எந்த மெமரி கார்டு, எடிட்டிங்குக்கு எந்த மென்பொருள் என்பதிலேயே அது தீர்ந்துவிடும்.

விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்காகத்தான் இன்னும் போகிறேன். பறவைகளை எடுக்கும் ஒருவர், ஒரே பறவை பறந்தெழும் தொடர் படங்களை ஒன்றுவிடாமல் காட்டினார். இதில் சிறகு முகத்தை மறைக்கிறது, இதில் கண்ணில் ஒளிப்புள்ளி இல்லை, இதில் பின்னால் ஒரு குச்சி தலைக்குள் புகுந்த மாதிரி நிற்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றை வைத்துக்கொண்டார். எடுப்பதைவிடக் கழிப்பது பெரிய வேலை என்பது அன்று கண்ணெதிரே நடந்தது. அதற்குப் பிறகு எந்தப் பேச்சாளர் வந்தாலும் "இந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றைக் காட்ட முடியுமா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் மகிழ்ச்சியாகக் காட்டுகிறார்கள். சிலருக்கு முகம் மாறிவிடுகிறது.

இன்னொருவர் பேசியது முழுக்க அச்சிடுவதைப் பற்றி. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் எடுத்த நிலவுப் படத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஒரே நெகட்டிவிலிருந்து ஆடம்ஸ் தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டார். ஆரம்பகால பிரிண்ட்களில் வானம் சாம்பல் நிறம், மேலே மெல்லிய மேகத் தீற்றல்கள். பிற்காலத்தவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. இடையில் 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து வலுவாக்கியும் இருக்கிறார். ஒரு படத்துக்கு ஒரே 'சரியான' பிரிண்ட் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்த பலர் அன்று வாயடைத்துப் போனார்கள். வீடியோ அழைப்பில் வரும் உரைகளும் எங்களிடம் உண்டு. தூரத்தில் இருப்பவர்களைக் கேட்க முடிகிறது, அது நல்லதுதான். ஆனால் நிறத்தைப் பற்றியோ தாளைப் பற்றியோ பேசுகிறவர் என்றால் அவர் நேரில் வந்தால்தான் பிரயோஜனம்.

சரி, பிரிண்ட் இரவுக்கு வருவோம்.

எங்கள் முறை இது. பெயர் சொல்லாமல் பிரிண்ட்டை ஸ்டாண்டில் வைப்பார்கள். ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு பார்ப்பவர்கள், பிடித்ததா இல்லையா என்பதை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணுக்கு என்ன தெரிகிறது, பார்வை எங்கே முதலில் போகிறது, எங்கே சிக்கி நிற்கிறது என்று சொல்ல வேண்டும். எடுத்தவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம். இந்தக் கடைசி விதிதான் முக்கியம். விடியும் முன் மலை ஏறினேன், மூன்று நாள் காத்திருந்தேன் என்று எடுத்தவர் முதலிலேயே ஆரம்பித்துவிட்டால், பார்க்கிறவர்கள் படத்தை விட்டுவிட்டு அந்தக் கஷ்டத்துக்கு மதிப்புப் போட ஆரம்பிப்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு அந்த ஒரு நிமிட மௌனம் பெரிய அவஸ்தை. ஆனால் "சூப்பர்", "செம" என்ற சொற்கள் அந்த ஒரு நிமிடத்திலேயே செத்துவிடும்.

எங்கள் கூடத்தில் நெடுங்காலம் மஞ்சள் நிற விளக்குகளே இருந்தன. கொண்டுவந்த எல்லா பிரிண்ட்டும் பழுப்பாகவும் மங்கலாகவும் தெரிய, விமர்சனத்தில் பாதி விளக்கைப் பற்றியதாகவே போனது. பிரிண்ட் பார்க்க ஐஎஸ்ஓ 3664 என்றொரு சர்வதேசத் தரநிலையே உண்டு. 5000 கெல்வின் அளவிலான, பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை ஒளி, நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ் என்கிறது அது. கிளப் அந்த அளவுக்கெல்லாம் போகவில்லை. நிறங்களைச் சரியாகக் காட்டும் இரண்டு விளக்குகளை ஸ்டாண்டுக்கு இருபுறமும் சாய்த்து வைத்ததோடு சரி. அதற்கே பேச்சின் தரம் மாறியது. ஒரு வேடிக்கையும் வெளிப்பட்டது. வெண்மை கூடத் தெரிவதற்காக ரசாயனம் சேர்த்த தாள்கள், ஜன்னல் அருகே நீல வெள்ளையாக மின்னிவிட்டு, புற ஊதா இல்லாத எல்இடி விளக்கின்கீழ் சோர்ந்துபோகின்றன. படம் அதேதான், தாளும் அதேதான். வீட்டில் பார்த்தபோது இப்படி இல்லையே என்று ஒருவர் மாற்றி ஒருவர் புலம்பினார்கள்.

அடிக்கடி வரும் புகார், "திரையில் நன்றாக இருந்தது, பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டது". அநேகமாக அச்சிடும் கருவியின் மேல் தவறிருக்காது. வாங்கும்போது இருந்த முழு வெளிச்சத்திலேயே மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அச்சுக்காக எடிட் செய்யும்போது திரையின் பிரகாசத்தை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (பிரகாசத்தை அளக்கும் அலகு) வரை குறைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். மீதிப் பாதி தாளைப் பொறுத்தது. பளபளப்பில்லாத மேட் தாளில் எவ்வளவு கறுப்பாக அச்சிட்டாலும், விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம் திரும்பி வரும். நல்ல பளபளப்புத் தாளிலோ 1 சதவீதத்துக்கும் கீழே போகலாம். இரவுக் காட்சிகளை மேட் தாளில் போட்டுவிட்டு ஷேடோ, அதாவது இருண்ட பகுதிகள், எல்லாம் சாம்பலாகிவிட்டதே என்று வருந்துவது இதனால்தான். அதே மேட் தாளில் மூடுபனிக் காட்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பளபளப்புத் தாள் கிட்டே நிற்க முடியாது.

அளவைப் பற்றி வீணாகக் கவலைப்படுகிறார்கள். ஏ3 தாளுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்குப் போட்டால் சுமார் 17 மெகாபிக்சல் வேண்டும். பழைய 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்ததையும் அங்குலத்துக்கு 240 பிக்சல் அளவில் வைத்து அச்சிடலாம். கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். மூக்கு தாளில் படும்படி குனிந்து பார்க்கிற ஆசாமி ஒவ்வொரு கிளப்பிலும் ஒருவர் இருப்பார், அவரைக் கண்டுகொள்ளாதீர்கள்.

எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு சாதாரண உத்தி. 'ட' வடிவில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளை பிரிண்ட் மேல் வைத்து நகர்த்தி, ஓரங்களை வெட்டி எப்படி க்ராப் செய்யலாம் என்று எல்லோர் முன்னிலும் பார்ப்பது. திரையில் இதையே மவுஸால் செய்யலாம்தான். ஆனால் பத்துப் பேர் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அட்டை ஒரு விரல்கடை உள்ளே நகர்ந்ததும் "ஆங், அங்கேயே நிறுத்துங்க" என்று பல குரல்கள் ஒன்றாக எழும். அது வாதத்தால் கிடைக்காத தீர்ப்பு. பிரிண்ட்டைத் தலைகீழாகத் திருப்பி வைப்பதும் அப்படித்தான். முகம், மரம், கட்டடம் என்ற அடையாளங்கள் விலகி, இருட்டும் வெளிச்சமும் எந்தப் பக்கம் கனமாக இருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஓரத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது, அடிவானம் மூன்றில் ஒரு பங்கில் இல்லை, ஆள் பார்க்கும் பக்கம் இடம் விடவில்லை என்ற மூன்று வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விமர்சகராக வலம் வருகிறவர்கள் உண்டு. கோயில் மணி மாதிரி நேரம் தவறாமல் ஒலிப்பார்கள். அவர்களைத் திருப்திப்படுத்தவே உறுப்பினர்கள் படமெடுக்க ஆரம்பித்தால், சில ஆண்டுகளில் எல்லோருடைய படமும் ஒன்றுபோல ஆகிவிடும். எங்கள் கிளப்பில் அது கொஞ்சம் நடந்தது. குரல் பெரிதாக இருக்கிறவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் பின்னாலேயே போய்விடுவதும் உண்டு. அதனால் இப்போது நெறிப்படுத்துபவர் புதியவர்களிடம்தான் முதலில் கருத்துக் கேட்கிறார். போட்டி இரவில் மதிப்பெண், விமர்சன இரவில் மதிப்பெண் கிடையாது என்று பிரித்து வைத்ததும் நல்ல முடிவு. எண் ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு சொல்வது எதுவும் உள்ளே போகாது. ஒரே மாலையில் இருபது பிரிண்ட்டுக்கு மேல் வைத்தால் கடைசியில் வருபவருக்கு அநியாயம். கண்ணும் பொறுமையும் அதற்குள் தீர்ந்திருக்கும்.

புதிதாகப் போகிறவர்கள் சிறந்த படத்தை எடுத்துப் போகாதீர்கள். பாராட்டு கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. எங்கோ இடிக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்று நினைக்கும் படத்தைக் கொண்டுபோங்கள். லேபில் கொடுத்து அச்சிடுகிறீர்கள் என்றால், மென்பொருளே நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றிவிடும் ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மென்பொருளின் ரசனையைத்தான் கிளப்பில் விமர்சிப்பார்கள். சொன்னதைக் கேட்டுத் திருத்தி மறுபடி அச்சிட்டால், அடுத்த முறை பழைய பிரிண்ட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் திருத்தம் கூடிப்போனதா என்று சொல்ல முடியும். எனக்குச் சில தடவை பழையதே மேல் என்று தீர்ப்பு வந்திருக்கிறது. பின்பக்கம் தாளின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி வையுங்கள், பேனா மை மற்ற பிரிண்ட்டில் ஒட்டிக்கொள்ளும்.