முரண்படும் கம்பைலர் தெரிவுகள்: தடுப்பதா, எச்சரிப்பதா, தானே நீக்குவதா?

எழுதிய நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் ஜிசிசி கம்பைலருக்கு ஒரே கட்டளைவரியில், உகப்பாக்கத்தை (நிரலை வேகமாக்குவதை) கூட்டும் ‘-ஓ2’, அதை நிறுத்தும் ‘-ஓ0’ இரண்டையும் கொடுத்தால், அது எதுவும் சொல்லாமல் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் சி++ கம்பைலரோ வேகத்துக்கான ‘/ஓ2’வும், இயங்கும்போது பிழைகளைச் சோதிக்கும் ‘/ஆர்டிசி1’உம் ஒன்றாக வந்தால் டி8016 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். கம்பைலர்களே இவ்வாறு வேறுபடுவதால், முரண்பாட்டை எந்த இடத்தில் பிடிப்பது என்பதை ஐடிஇயின் (நிரல் எழுதவும் கம்பைல் செய்யவும் உதவும் மென்பொருளின்) அமைப்புத் திரைதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முரணான தேர்வுக்கே இடம் தராத வழி, மைக்ரோசாஃப்டின் ஐடிஇயான விஷுவல் ஸ்டுடியோவில் உள்ள கீழிறங்கு பட்டியல். உகப்பாக்க நிலை ஒன்றைத்தான் அதில் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், ஒரே குடும்பத்துத் தெரிவுகளுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆனால் மேற்சொன்ன ‘/ஓ2’ உகப்பாக்கப் பக்கத்திலும், ‘/ஆர்டிசி1’ குறிமுறை உருவாக்கப் பக்கத்திலும் இருக்கின்றன. பிழை தேடுவதற்கான டீபக் அமைப்பில் வேகத்தைக் கூட்ட நினைத்து முதலாவதை மட்டும் மாற்றுபவர், இரண்டாவது இருப்பதையே பில்டு தோற்ற பிறகுதான் அறிகிறார்.

கோட்::பிளாக்ஸ் என்ற ஐடிஇ டிக் பெட்டிகளை அடுக்கி, ஒவ்வொரு தெரிவும் எதனுடன் மோதும், எதை நீக்கும் என்பதை எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைக்கிறது. உகப்பாக்கம் இயங்கும்போது, பிழை தேட உதவும் தகவலைச் சேர்க்கும் ‘-ஜி’யை டிக் செய்தால், அது எச்சரிக்கும், தடுக்காது. இது சரியான நிதானம் என்பது என் கருத்து. ஏனெனில் ஜிசிசி இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த அனுமதிக்கிறது. வெளியீட்டுப் பதிப்பு செயலிழந்த இடத்தைத் தேடுபவருக்கு இரண்டுமே வேண்டும். இங்கே கடுமையாகத் தடுத்திருந்தால், திரை கம்பைலரைவிட அதிகமாகத் தெரிந்ததுபோல் நடந்துகொண்டதாகும்.

தானாக நீக்குவது மூன்றாவது வழி. ஓர் உகப்பாக்க நிலையைத் தேர்ந்தெடுத்ததும் பழையது அகல்வது இயல்பே. வேறு பக்கத்தில் இருக்கும் தெரிவைச் சொல்லாமல் நீக்குவது அப்படியல்ல. பயனர் பின்னர் மனம் மாறித் திரும்பும்போது, தாம் வைத்திருந்தது காணாமல் போனதே அவருக்குத் தெரியாது.

கைப்பட எழுதும் ‘கூடுதல் தெரிவுகள்’ பெட்டியில் பட்டியலின் பாதுகாப்பு செல்லாது. பட்டியலில், இயங்குநேர நூலகத்தைத் தனிக் கோப்பாகவே வைக்கும் ‘/எம்டி’ (MD) இருக்க, பெட்டியில், அந்த நூலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்க்கும் ‘/எம்டீ’ (MT) என்ற தெரிவை எழுதினால், பின்னது வெல்லும். டி9025 என்ற எச்சரிக்கை மட்டுமே மிஞ்சும். ஆகவே ஒரே குடும்பத்துக்குப் பட்டியலும், குடும்பங்களுக்கிடையே எச்சரிக்கையும் வைத்து, கம்பைலருக்குப் போகும் முழுக் கட்டளைவரியையும் அதே திரையில் காட்டும் ஐடிஇயையே நான் தேர்ந்தெடுப்பேன்.