கருப்புக் குஞ்சு: கடக்நாத்தா, ஆஸ்ட்ரலார்ப்பா?

கடக்நாத், ஆஸ்ட்ரலார்ப் இரண்டும் கருப்புக் கோழி இனங்கள். ஒரே அடையில் பொரித்த இவற்றின் கருப்புக் குஞ்சுகளை முடியின் நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முயன்றால் ஏமாற்றம்தான். தோலைப் பாருங்கள்.

பகல் வெளிச்சத்தில் குஞ்சை உள்ளங்கையில் மல்லாத்தி, வயிற்று முடியை ஊதி விலக்குங்கள். ஆஸ்ட்ரலார்ப் என்றால் தோல் வெளுப்பாக இருக்கும். வயிறு, தாடை, இறக்கை நுனியில் வெண்மஞ்சள் முடி தெரியும். இந்த வெள்ளையைப் பார்த்துக் கலப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள், அந்த இனத்துக்கு அது இயல்பு. இறகு மாறும்போது போய்விடும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கடக்நாத்துக்கோ தோல், அலகு, நாக்கு எல்லாமே கருமை. முதுகில் ஒழுங்கற்ற கருங்கோடுகளும் இருக்கலாம்.

காலின் மேல்புறம் நம்மைக் குழப்பும், இரண்டிலும் கறுப்பாகத்தான் இருக்கும். பாதத்தைத் திருப்புங்கள்: ஆஸ்ட்ரலார்ப்புக்கு அடிப்பாதம் வெளுப்பு, கடக்நாத்துக்குக் கருஞ்சாம்பல். சோதனையை ஒரு நிமிடத்துக்குள் முடித்து, குஞ்சைச் சூட்டுக்குள் விடுங்கள், குளிர் தாங்காது.

கலப்புக் குஞ்சுதான் சிக்கல். கருந்தோல் ஓங்கு பண்பு என்பதால் தாய், தந்தையில் ஒன்று மட்டும் கடக்நாத்தாக இருந்தாலே தோல் கறுக்கலாம். ஆகவே கருந்தோலைக் கண்டதும் சுத்த இனம் என்று விலை பேசாதீர்கள். கொண்டை வளரும்வரை பொறுங்கள். அது நல்ல சிவப்பாக வந்தால் கலப்புதான். எட்டு வாரத்தில் உடல் பருமனும் சொல்லும்: கடக்நாத் மெலிந்து நிற்கும், ஆஸ்ட்ரலார்ப் அகன்று கனக்கும்.