வாடகை வீட்டின் நிலை: வீடியோவா, கையெழுத்துப் பட்டியலா?

மடிப்பாக்கத்தில் எங்கள் மாடிப் போர்ஷனை இதுவரை இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வீடு எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அத்தாட்சியாக முதல் முறை செல்போனில் வீடியோ எடுத்தேன். அடுத்த முறை, வந்தவரோடு அறை அறையாக நடந்து பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இனி எனக்குப் பட்டியல்தான்.

வீடியோவுக்குப் பத்து நிமிடம் போதும். செலவும் இல்லை. ஆனால் முதல் குடும்பம் காலி செய்த அன்று, சமையல் மேடை கிரானைட்டில் சிங்க் ஓரமாகக் கட்டைவிரல் நகமளவு சில்லு பெயர்ந்திருந்தது. வீடியோவில் அந்த மேடை மூன்று விநாடி வந்து போகிறது. அந்த ஓரத்தில் ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒரே வெள்ளை. "வரும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றார் குடியிருந்தவர். இருந்திருக்கலாம், எனக்கே நிச்சயமில்லை. அட்வான்ஸில் கை வைக்கவில்லை.

வீடியோ நானாக எடுத்தது, பட்டியலோ இருவரும் பார்த்து ஒப்புக்கொண்டது. என் வரையில் முடிவைத் தீர்மானித்தது இதுதான். பாத்ரூம் கதவின் அடியில் ஊறல், ஹாலில் ஆணி ஓட்டை நான்கு, இ.பி. மீட்டர் ரீடிங் இவ்வளவு என்று நம் வீட்டுக் குறையை நாமே சொல்லி எழுதினால், எதிராளிக்கும் நம்பிக்கை வருகிறது. பரணுக்கு மேலே கசிந்த கறையை அவர்தான் காட்டினார். அதுவரை எனக்குத் தெரியாது. சில்லு, விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினேன். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

எதை எழுதுவது என்பதற்கு 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்து அட்டவணை உதவியது. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை வெள்ளையடிப்பது உரிமையாளர் பாடு. குழாய் வாஷர், ஸ்விட்ச், ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவர் பாடு. பெயின்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் சென்னை வழக்கம் தனிக்கதை.

வாடகை நீதிமன்றம் வரை நான் போனதில்லை, அங்கே எது எடுபடும் என்று சொல்ல மாட்டேன். கட்டில், சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் போட்டு விடும் வீட்டுக்கு வீடியோவும் வேண்டியிருக்கலாம். அப்படி விட்டுப் பழக்கமில்லை.

இரண்டாவது குடும்பம் போன மாதம் காலி செய்தது. பட்டியலோடு சுற்றிவர இருபது நிமிடம். புதிதாக இருந்தது ஜன்னல் கண்ணாடியில் ஒரு கீறல் மட்டும். நான் வாய் திறக்குமுன் அவரே ஆளை வரச்சொல்லிவிட்டார்.