ரோம், புளோரன்ஸ், வெனிஸ் குளிர்காலப் பேக்கேஜ்: மலையகத்திலிருந்து போக நினைக்கிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் இத்தாலி போவது நல்ல யோசனைதான், ஆனால் நாங்கள் காசு கட்டிப் போன பேக்கேஜை அப்படியே யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அதில் ஒன்று ரோமில் கிடைத்த வழிகாட்டிக்கு, ஒன்று விசா வேலையைச் சுத்தமாக முடித்துத் தந்ததற்கு, மிச்ச அரை ஹோட்டல்களின் காலைச் சாப்பாட்டுக்கு. கொழும்பு ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. நான் விசாரித்த வரைக்கும் இன்னும் சில பேர் இதே அட்டவணையை வேறு அட்டைப்படத்தோடு விற்கிறார்கள், பெயரை வைத்துத் தப்பிக்க முடியாது, அட்டவணையைத்தான் வாசிக்க வேண்டும்.

போனது 2025 ஜனவரி கடைசியில். நான், என் கணவர், என் மாமியார். உண்மையில் அது அத்தையின் பயணம், நாங்கள் துணைக்குப் போனவர்கள். அந்த வருடம் கத்தோலிக்கருக்கு ஜூபிலி ஆண்டு, 2024 டிசம்பர் 24 அன்று ரோமில் இராயப்பர் (புனித பேதுரு) பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்திருந்தார்கள், வழக்கமாக 25 வருடத்துக்கு ஒரு தடவைதான் திறப்பது. பொகவந்தலாவையில் காலமெல்லாம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவருக்கு அந்தக் கதவு வழியாக ஒரு தரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. விசா, விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்த்து தலைக்கு எட்டு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. விசாக் கட்டணம் மட்டும் 90 யூரோ. கைரேகை கொடுக்க நாமே நேரில் கொழும்புக்குப் போக வேண்டும், அதை ஏஜென்சி செய்ய முடியாது, ஹட்டனிலிருந்து போகிறவர்கள் அந்த ஒரு நாளையும் கணக்கில் சேருங்கள்.

குளிர் எப்படி என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ரோமும் புளோரன்ஸும் நமக்குப் பெரிய விஷயமே இல்லை. ரோமில் பகலில் 12 டிகிரி வரும், விடியக்காலையில் 3, 4. நுவரெலியாவில் தை மாதம் புல்லில் உறைபனி பார்த்தவர்களை அது ஒன்றும் செய்யாது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு இருந்தார்கள், அத்தை கழுத்தில் ஒரு சால்வையோடு நடந்தார். வெனிஸ் வேறு கதை. நம் ஊரில் எவ்வளவு குளிர்ந்தாலும் பத்து மணிக்கு வெயில் ஏறினால் ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம். அங்கே மத்தியானமும் 6, 7 டிகிரியிலேயே நிற்கிறது, தண்ணீர் மேல் வருகிற காற்று, கூடவே பனிமூட்டம், ஈரம் எலும்புக்குள் இறங்குகிறது. நுவரெலியா பஜாரில் குவித்து விற்கிற கார்மெண்ட் ஜாக்கெட்டே போதும், அதற்காகக் கொழும்பில் பெரிய கடைக்குப் போகத் தேவையில்லை. சப்பாத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மூன்று நகரத்திலும் வீதி முழுக்கக் கல் பாவியது, நனைந்தால் வழுக்கும், நடையோ நாள் முழுக்க.

சரி, பேக்கேஜுக்கு வருகிறேன்.

என் பெரிய குறை இதுதான்: இவர்கள் நமக்கு எல்லாவற்றையும் வெளியே நின்று காட்டினார்கள். கொலோசியம் என்று அட்டவணையில் பெரிதாகப் போட்டிருந்தது, பஸ் போய்ச் சேர்ந்தது நாலு மணிக்கு. தை மாதத்தில் அங்கே மூன்றரைக்குக் கடைசி நுழைவு, நாலரைக்கு மூடிவிடுவார்கள், ஐந்து மணிக்கு மேல் இருட்டவும் தொடங்கிவிடும். டிக்கெட்டே எடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கி.பி. 80இல் திறந்த கட்டிடத்தை வீதிக்கு அந்தப் பக்கம் நின்று போட்டோ எடுத்துவிட்டு வந்தோம், கல்யாண வீட்டுக்குப் போய் பந்தலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய மாதிரி. சொந்தமாகப் போகிறவர்களுக்கு: டிக்கெட்டை அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே எடுங்கள், பெயர் போட்ட டிக்கெட், வாசலில் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அதே டிக்கெட்டில் பக்கத்தில் இருக்கிற பழைய இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பலட்டைன் குன்றும் சேரும்.

புளோரன்ஸில் இதைவிட மோசம். அங்கே எங்களை ஒரு திங்கட்கிழமை முழுக்க விட்டார்கள். திங்கட்கிழமை உஃபிசி ஓவியக் கூடமும் மூடல், மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலை நிற்கிற அக்கடேமியா மியூசியமும் மூடல். இது இரகசியம் இல்லை, ஊர் அறிந்த விஷயம், அட்டவணை போட்டவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அட்டவணையில் தாவீது சிலை என்று இருந்ததே என்று கேட்டால், பழைய அரண்மனை வாசலில் நிற்கிறதைக் காட்டி இதுதான் என்றார்கள். அது நகல். 1910 முதல் அங்கே நிற்கிற நகல், அசலை 1873இலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இத்தாலியில் இது ஒரு வழக்கமாகவே இருக்கிறது, மழையும் புகையும் தின்னாமல் இருக்க அசலை உள்ளே வைத்துவிட்டு வெளியே நகலை நிறுத்துகிறார்கள். பேராலயத்துக்கு எதிரே இருக்கிற ஞானஸ்நான மண்டபத்தின் தங்கக் கதவுகளும் நகல், அசல் பின்னால் இருக்கிற மியூசியத்தில். வெனிஸில் புனித மார்க் ஆலயத்து முகப்பில் நிற்கிற நாலு குதிரைகளும் நகல்தான், 1204 சிலுவைப் போரில் கொன்ஸ்தாந்திநோபிளைக் கொள்ளையடித்துக் கொண்டுவந்த அசல் குதிரைகள் மாடியில் இருக்கின்றன. ஆக வெளியே நின்று பார்க்கிற பேக்கேஜ் என்றால் எட்டு லட்சத்துக்கு நகல் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கணக்கு.

செவ்வாய்க்கிழமை காலை தோல் சாமான் செய்கிற இடத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. அதாவது கடைக்கு. நாங்கள் மூவரும் கழன்றுகொண்டு எட்டேகாலுக்கு அக்கடேமியா திறக்கும்போதே வாசலில் நின்றோம். கோடை காலத்தில் மணிக்கணக்காக வரிசை நிற்கிற இடம், அன்றைக்கு எங்களுக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டம்தான், குளிர்காலத்தில் போவதன் இலாபமே இதுதான். நீண்ட மண்டபம், இரண்டு பக்கமும் மைக்கலாஞ்சலோ பாதியில் விட்ட சிலைகள், கல்லுக்குள்ளிருந்து தோளும் முழங்காலும் மட்டும் வெளியே வந்து அப்படியே நிற்கின்றன, கடைசியில் ஐந்து மீட்டருக்கு மேல் உயரமாக அவன். 1501இல் தொடங்கி 1504இல் முடித்தது, வேறு சிற்பிகள் கைவைத்துக் கெடுத்துப் பல வருடம் கிடப்பில் போட்ட கல்லில். எல்லாரும் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் சொல்வது வலது கையைப் பாருங்கள். தொங்கவிட்ட கை, உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது, புறங்கையில் நரம்பு புடைத்துக்கொண்டு விரல் மூட்டு வரைக்கும் ஓடுகிறது, நகத்தின் விளிம்புகூடத் தெரிகிறது. அத்தை ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, "வேல செஞ்ச கை" என்றார். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக மட்டும் என்றாலும் திரும்பப் போவேன்.

என் கணவர் அதற்கு முதல் நாளே பேராலயத்துக் குவிமாடத்தில் ஏறிவிட்டார், அது திங்களிலும் திறந்திருக்கும், நேரம் குறித்த டிக்கெட்டை ஹட்டனில் இருக்கும்போதே ஆன்லைனில் எடுத்து வைத்திருந்தார். 463 படி, லிப்ட் கிடையாது. சிவனொளிபாதமலை ஏறுகிற ஆளுக்கு 463 படி என்ன, மூச்சு வாங்கவில்லை, ஆனால் வழி ஒடுக்கம் என்கிறார், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்ட வேண்டும். புருனெலெஸ்கி என்கிற கட்டிடக் கலைஞர் 1420இலிருந்து 1436 வரை கட்டியது, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடு, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் படிகள். கீழேயிருந்து முட்டுக் கொடுக்காமலே எழுப்பியிருக்கிறார்கள், செங்கல்லை நேராக அடுக்காமல் இடையிடையே நிறுத்தி மீன்முள் மாதிரிப் பின்னியிருப்பதைப் போகிற வழியிலேயே தொட்டுப் பார்க்கலாமாம்.

பீசாவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கோபுரம் சாய்ந்திருக்கிறது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்து போய், கையால் தாங்குகிற போட்டோ எடுத்து, நடந்து வர வேண்டும். மேலே ஏறுகிற டிக்கெட் பேக்கேஜில் இல்லை. ரோமிலிருந்து 350 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்து போனது இதற்குத்தான். ஆனால் என் கோபம் அதைப் பற்றி இல்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு நண்பகலில் பாப்பரசர் மாளிகை ஜன்னலுக்கு வந்து கீழே சதுக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஆசி கொடுப்பது வழக்கம், இலவசம், டிக்கெட் எதுவும் வேண்டாம். ஜூபிலி ஆண்டுப் பயணம் என்று விளம்பரம் போட்டு, கூட்டத்தில் பாதிப் பேர் கத்தோலிக்கர், அன்றைக்கு விடியக்காலையிலேயே ரோமை விட்டுக் கிளப்பிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு நாங்கள் பீசா பஸ் தரிப்பிடத்தில் கழிப்பறை வரிசையில். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, செபமாலையை எடுத்து உருட்டிக்கொண்டு இருந்தார். நான்தான் கூட்டிவந்த தம்பியைப் பிடித்துச் சத்தம் போட்டேன், பாவம், அவர் கையில் என்ன இருக்கிறது.

இராயப்பர் பேராலயம் மட்டும் முழுசாகக் கிடைத்தது. உள்ளே போகக் காசு கட்டத் தேவையில்லை, பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும். புனிதக் கதவைக் கடந்ததும் வலப்பக்கத்தில் பியெத்தா, இறந்த இயேசுவை மடியில் வைத்திருக்கிற மாதா, மைக்கலாஞ்சலோ இருபத்தைந்து வயதுக்குள் செதுக்கியது. 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்த பிறகு கண்ணாடிக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறார்கள். அத்தைக்கு ஒரே கேள்வி: "இம்புட்டுப் பெரிய புள்ளைக்குத் தாயி இவ்வளவு சின்னப் பொண்ணா?" அந்தக் கேள்வியை அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள் என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். அவருக்குத்தான் அந்த முழு நட்சத்திரம். பந்தியோன் என்கிற பழைய ரோமக் கோயிலில் மழைத் தூறல் விழுந்துகொண்டிருந்தபோது எங்களை வேண்டுமென்றே உள்ளே கூட்டிப்போனார். 43 மீட்டர் அகலக் குவிமாடம், இரும்புக் கம்பி இல்லாத கொங்கிரீட், உச்சியில் மூடாத ஒரு வட்டம், அதன் வழியாக மழை நேராகத் தரையில் இறங்குகிறது. தரை நடுவில் லேசாக மேடு, சின்னச் சின்ன வடிகால் துளைகள், தண்ணீர் தேங்காமல் போய்விடுகிறது. இரண்டாம் நூற்றாண்டு வடிகால் இன்றைக்கும் வேலை செய்கிறது. எங்கள் தோட்டத்து ரோட்டில் போன வருடம் வெட்டிய கான் அடைத்துக் கிடக்கிறது. நுழைவு அப்போது 5 யூரோ, இதுவும் பேக்கேஜில் இல்லை, அவரவர் கட்டினோம்.

வெனிஸில் கொடுத்தது அரை நாளுக்கும் குறைவு. தங்கினது கரையில், மெஸ்த்ரேயில். முதலில் முகம் சுளித்தேன், ஆனால் அங்கிருந்து ரயிலில் பத்து நிமிடத்தில் வெனிஸுக்குள் இறங்கிவிடலாம். எனவே கூட்டம் ஹோட்டலுக்குத் திரும்பிய பிறகு நாங்கள் மட்டும் சாயங்காலம் மறுபடி போய், ஒன்றாம் நம்பர் படகு பஸ்ஸில் ஏறி, பெரிய கால்வாய் முழுக்க ஒரு தரம் போய் வந்தோம். ஒரு டிக்கெட் ஒன்பதரை யூரோ, 75 நிமிடம் செல்லும். கொண்டோலா என்கிற துடுப்புப் படகுக்கு அரை மணிக்கு 90 யூரோ, நகரசபை வைத்த விலையே அதுதான், ஆசை இருந்தால் ஐந்து பேர் சேர்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்குப் பயந்து போனோம், தேவையே படவில்லை. 2020இலிருந்து கடல் வாயில் மடக்குக் கதவுகள் வைத்திருக்கிறார்கள், அலை உயர்ந்தால் எழுப்பி அடைத்துவிடுகிறார்கள்.

சாப்பாடு. இரவு எல்லாம் இந்திய பஃபே, பேக்கேஜில் அதையே ஒரு சிறப்பாகப் போட்டிருந்தார்கள். புளோரன்ஸ் வரை போய்ப் பருப்பும் நான் ரொட்டியும் எதற்கு? ஒரு மத்தியானம் சின்னக் கடை ஒன்றில் ரிபொல்லித்தா குடித்தோம், பழைய பாண், வெள்ளை அவரை விதை, கறுப்பாக ஒரு கோவா வகை, எல்லாம் போட்டுக் கஞ்சி பதத்துக்குக் காய்ச்சியது, குளிருக்கு அதைவிட நல்லது இல்லை. உட்கார்ந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணம் பில்லில் ஏறும், சண்டை போடாதீர்கள், வழக்கம் அது. கோப்பி நின்றுகொண்டு குடித்தால் மலிவு, அருமையாகவும் இருக்கிறது.

தேத்தண்ணி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கோப்பையில் சூடு ஆறிய தண்ணீர், சாசரில் ஒரு பை, பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சை. விலை கோப்பியைவிட இரண்டு மடங்கு. அத்தை பையைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்துப் பார்த்தார், ஒரு சொல் சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. ஹோட்டல் அறைகளில் கேத்தலும் இல்லை. வீட்டிலிருந்து தூளும், சின்ன மின்சாரக் கேத்தல் ஒன்றும், நம் பிளக்கை இரண்டு முள் பிளக்காக மாற்றுகிற அடப்டரும் கொண்டுபோங்கள்.

இதையே வாங்குவதென்றால் காசு கட்டுமுன் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: எந்தெந்த இடத்துக்கு நுழைவு டிக்கெட் சேர்ந்திருக்கிறது, புளோரன்ஸில் நிற்கிறது என்ன கிழமை, ஹோட்டலில் கட்ட வேண்டிய நகர வரி யார் பொறுப்பு. நாங்கள் அந்த வரியைக் கையிலிருந்துதான் கட்டினோம். கொஞ்சம் தைரியம் இருந்தால் விசாவையும் விமானத்தையும் மட்டும் ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை நீங்களே பாருங்கள். ரோமிலிருந்து புளோரன்ஸ் வேக ரயிலில் ஒன்றரை மணித்தியாலம், அங்கிருந்து வெனிஸ் இரண்டேகால், சில நாட்களில் ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிற நேரத்தைவிட அது குறைவு. ஜனவரி 7க்குப் பிறகு பார்த்துப் போடுங்கள், பண்டிகைக் கூட்டம் கலைந்திருக்கும். பெப்ரவரி வாக்கில் வெனிஸ் கார்னிவல், அதாவது முகமூடித் திருவிழா, தொடங்கினால் அறை விலை ஏறிவிடும்.