பந்தலடிப் பக்கத்து அச்சகம்: துண்டறிக்கைக்கு நம்பிப் போகலாம்

எங்கள் வியாபாரிகள் சங்கத் தேர்தலில் பதிவான ஓட்டைவிட எண்ணிய ஓட்டு அதிகம். மறுதேர்தல் கேட்டு நோட்டீஸ் அடிக்க மன்னார்குடி பந்தலடிப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்துக்குப் போனேன்.

எனக்கு முன்மாதிரி உக்ரைன். 2004 நவம்பரில் அதிபர் தேர்தல் முடிவை ஏற்காமல், ஆரஞ்சு ரிப்பன் கட்டிக்கொண்டு கீவ் நகரச் சதுக்கத்தில் கடுங்குளிரில் ஜனம் கூடியது. உச்ச நீதிமன்றம் டிசம்பர் 3 அன்று முடிவை ரத்து செய்தது. 26 அன்று மறுவாக்குப்பதிவு. இத்தனையையும் அரைப் பக்கத்தில் அடக்கிவிட்டார் அச்சக அண்ணன். புரூஃபில் 3 என்பது 30 ஆகியிருந்தது. "தம்பி, ஓட்டுப் போட்டப்புறமா தீர்ப்பு வருது?" என்று அவரே பிடித்தார். அந்த ஒன்றுக்கே நாலு ஸ்டார்.

நாங்களும் கட்டிக்கொள்ள ரிப்பன் அடிக்கச் சொன்னேன்; அதன் நிறத்தில்தான் இழுபறி. ஆரஞ்சு என்றால் காவி என்பார்களாம். மாம்பழ மஞ்சளுக்கும் ஒரு கட்சி இருக்கிறதே! கடைசியில் வெள்ளை ரிப்பன், ஆரஞ்சு எழுத்து. ஓரம் பிரியவில்லை, வியர்வையில் சாயமும் போகவில்லை.

குறை, தாள்தான். ரொம்ப மெல்லிசு, பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறது. கொஞ்சம் கூடக் கொடுத்துக் கனமான தாளாகக் கேளுங்கள். ஜிபே உண்டு. பில் மட்டும் கேட்டால்தான் வரும்; சங்கக் கணக்குக்கு வேண்டுமே, கேட்டு வாங்கிவிடுங்கள்.