ஆன்கி செயலி: நாலரை வருடம் ஓட்டிய பிறகு

மருத்துவக் கல்லூரி விடுதியில் முதலாண்டுத் தம்பி ஒருவன் நேற்று வந்து, "அண்ணா, ஆன்கி போடலாமா? படிச்சது கடைசி வருஷம் வரைக்கும் நிக்குமா?" என்று கேட்டான். கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம் என்று நாம் எழுதிவைக்கும் அட்டைகளை, மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பத் திரும்பக் காட்டும் செயலி அது. நானும் முதலாண்டில் தொடங்கி, இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்வரை ஓட்டிவிட்டேன். ஆனால் உடனே பதில் வரவில்லை.

நிற்கும். அதில் சந்தேகமே இல்லை. ஒரு நாளைக்கு 20 புது அட்டை, நினைவு இலக்கு (திரும்பி வரும் அட்டைகளில் எத்தனை நினைவில் இருக்க வேண்டும் என்பது) 90 சதவீதம், அவ்வளவுதான் என் அமைப்பு. எந்த அட்டையை எப்போது திரும்பக் காட்டலாம் என்று முடிவு செய்யும் எஃப்.எஸ்.ஆர்.எஸ் என்ற புதுக் கணக்கீடு 2023-இல் செயலிக்குள்ளேயே வந்தது. அதற்கு மாறிய பிறகு தினமும் திருப்பிப் பார்க்கும் சுமை கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தது. மூன்றாம் வருடம் எலும்பு முறிவுப் பிரிவில், மேல்கை எலும்பு நடுவில் முறிந்து மணிக்கட்டு தொங்கிப்போன ஒருவரைக் காட்டி எந்த நரம்பு என்று கேட்டார்கள். ரேடியல் நரம்பு, அது எலும்பை ஒட்டிச் சுற்றி வரும் இடம், தண்டுவடத்தில் சி5 முதல் டி1 வரை அதன் வேர்கள், எல்லாம் வரிசையாக வந்தன. அனாடமி தேர்வு முடிந்து அதற்குள் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான், நாலரை வருடமாக அதே எரிச்சல். நாளாக ஆக, பாடத்தை விட்டுவிட்டு அட்டையின் முகத்தை ஞாபகம் வைக்க ஆரம்பித்துவிடுகிறோம். 'ஆர்கனோபாஸ்பேட்' என்ற பூச்சிமருந்து வகையின் பெயரில் பாதியைப் பார்த்ததுமே விரல் 'தெரியும்' பொத்தானுக்குப் போய்விடும். 1885-இல் மறதியை அளந்து எழுதிய ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளைத்தான் மனப்பாடம் செய்தார். நம் பாடம் அப்படிப்பட்டது இல்லையே!

போன மாதம் கேஷுவாலிட்டி இரவுப் பணியில் அதே வகைப் பூச்சிமருந்து குடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். குண்டூசி முனையளவு கண்மணி, வாயெல்லாம் நுரை. விஷம் முடக்குவது எந்த என்சைம், அதற்கு என்ன மருந்து (அட்ரோபின்), இரண்டும் எனக்குத் தெரியும். "அட்ரோபின் போதும்னு எப்படித் தெரிஞ்சுக்குவ?" என்று மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. அக்கா கேட்டார். வாய் திறக்க முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்து நோயாளியின் அக்குளில் வைத்தார். ஈரம். "இது காயணும். நெஞ்சுல கரகரப்பு போகணும். பல்ஸ் 80-க்கு மேல வரணும். அதுவரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாரு, மாற்றம் இல்லேன்னா டோஸை இரட்டிப்பாக்கு." ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு அட்டை போடவில்லை, போடவும் மாட்டேன்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். அக்கா சொன்னது அந்த நொடியிலேயே புரிந்தது என்றால், இந்த விஷத்தால் உடலில் தேங்கிப்போகும் அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருள் என்ன செய்யும் என்பது எனக்குள் மங்காமல் இருந்ததால்தான். அதைக் காப்பாற்றி வைத்தது ஆன்கி. என் அட்டைகள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்றால், எழுதியவன் நான்தான்.

ஆனாலும் போன வருடம் கேட்டிருந்தால் 5-க்கு 5 கொடுத்திருப்பேன், இன்றைக்கு 2-க்கு மேல் மனம் வரவில்லை. தம்பியிடம், "இப்போதைக்கு வேண்டாம்டா, முதலில் படித்ததை உன் அறைத்தோழனுக்கு வாய்விட்டுச் சொல்லிக் கொடு. அவன் கேட்கும் கேள்வியில் எங்கே திணறுகிறாயோ, அதை மட்டும் அப்புறம் அட்டையில் எழுதிக்கொள்" என்று சொல்லி அனுப்பினேன்.