12 இன்ச் குளோப் ஒண்ணு வாங்குனேன், மூணு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

ஆறாம் கிளாஸ் படிக்கிற எங்க பாப்பாவுக்காக 12 இன்ச் குளோப் ஒண்ணு வாங்கி மூணு மாசம் ஆகப்போகுது, அலமாரி மேல ஏறாம தினமும் கைல எடுக்குற பொருளா இருக்கு, அதனாலதான் உக்காந்து எழுதுறேன். மதுரை கீழ மாசி வீதி பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில 1,150 ரூபா. பிளாஸ்டிக் உருண்டை, அடியில கனமான ஸ்டாண்டு, மேல இருந்து கீழ வரைக்கும் அரை வட்டமா ஒரு மெட்டல் பட்டை, அந்த பட்டையில டிகிரி நம்பர் போட்டிருக்கு. இந்த பட்டைதான் முக்கியம், அதை கீழ சொல்றேன்.

வாங்குனதுக்கு காரணம் ஒரு பரீட்சை. உன் ஊரின் அமைவிடத்தை எழுதுன்னு கேள்வி. இவ "மதுரை திண்டுக்கல்லுக்கு தெற்கே, விருதுநகருக்கு வடக்கே, வைகைக் கரையில் உள்ளது"ன்னு எழுதிருக்கா. மார்க் இல்ல, அட்சக்கோடு (நிலநடுக்கோட்டுல இருந்து எத்தனை டிகிரி வடக்கு, தெற்கு), தீர்க்கக்கோடு (0 டிகிரி கோட்டுல இருந்து எத்தனை டிகிரி கிழக்கு, மேற்கு) எழுதணுமாம். புள்ள அழுதுட்டே வந்துச்சு, எனக்கு மனசே ஆறல, ஏன்னா அவ எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல. ஒரு ஊரு எங்க இருக்குன்னு சொல்ல ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு இன்னொரு இடத்தை வச்சு சொல்றது, இன்னொண்ணு எதையும் பக்கத்துல வைக்காம நம்பர்லயே சொல்றது. கேள்வியில எதை கேக்குறாங்கன்னு தெளிவா இல்லன்னா புள்ளைக என்ன பண்ணும்.

முதல் வழியை நம்ம ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித்தரவே வேணாம். கோயிலை நடுவுல வச்சு சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதின்னு அடுக்கடுக்கா சுத்தி வருது, ஒவ்வொண்ணுலயும் கீழ, மேல, வடக்கு, தெற்குன்னு நாலு. மேல வெளி வீதின்னு சொன்னாலே கோயிலுக்கு மேக்கால, வெளிச்சுத்துல இருக்குன்னு அர்த்தம், ரயில்வே ஸ்டேஷன் அங்கதான் இருக்கு. மீனாட்சியம்மன் கோயில் எங்க இருக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும், மிச்ச வீதி எல்லாம் பேர்லயே வழி சொல்லிரும். மேக்க ஏன் மேல, கெழக்க ஏன் கீழன்னு பாப்பா கேட்டா, வைகை எங்கிட்டு இருந்து எங்கிட்டு ஓடுதுன்னு பாருன்னு சொன்னேன், மேக்க வருசநாட்டு மலையில இருந்து கெழக்க கடலை பாத்து இறங்குது, மேடு அங்கிட்டு பள்ளம் இங்கிட்டு. அவ அப்பத்தா இன்னமும் சோறு போடும்போது கூட "செத்த தெக்கால தள்ளி உக்காருத்தா"ன்னுதான் சொல்லும், இடது வலதுன்னு அது வாயில வந்து நான் கேட்டதே இல்ல.

ஆனா இந்த வழியில ஒரு சிக்கல் இருக்கு. தங்கம் தியேட்டர் பக்கத்துலன்னு எங்க அப்பா வழி சொன்னா எங்க செட்டுக்கு புரியும், பாப்பாவுக்கு புரியாது, தியேட்டரே இப்ப இல்ல, ஜவுளிக்கடை வந்துருச்சு. அடையாளம் போயிருச்சுன்னா வழியும் போயிரும். நம்பர் அப்படி போகாது, அதைத்தான் குளோப் வச்சு புரிய வச்சேன்.

குளோப்ல மதுரை அச்சடிக்கல, எதிர்பாக்கவும் முடியாது, 30 சென்டிமீட்டர் உருண்டையில 1 சென்டிமீட்டர் கிட்டத்தட்ட 425 கிலோமீட்டர், சென்னைல இருந்து கன்னியாகுமரிக்கே ஒன்றரை சென்டிமீட்டர்தான் வருது. சென்னை, டெல்லி எல்லாம் இருக்கு. சரி நம்ம ஊரை நாமளே கண்டுபிடிப்போம்னு போன்ல மேப்பை திறந்து நம்பரை எடுத்தோம், 9.9 டிகிரி வடக்கு, 78.1 டிகிரி கிழக்கு. இந்த குளோப்ல தீர்க்கக்கோடு 15 டிகிரிக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கான், 75க்கு அடுத்து 90தான். ரெண்டுக்கும் நடுவுல ஸ்கேல் வச்சா 4 சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, அப்ப 3 டிகிரிக்கு 8 மில்லிமீட்டர். உருண்டையை மெதுவா சுத்தி அந்த இடத்தை பட்டைக்கு அடியில கொண்டு வந்து, பட்டையில 10ன்னு இருக்குற கோட்டுக்கு நேரா பேனாவை வச்சா அங்கதான் மதுரை. பாப்பா புள்ளி வச்சுட்டு மூச்சு விடாம அதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் கையை எடுக்காம உருண்டையை மட்டும் சுத்த சொன்னேன். பட்டையில அதே 10 கிட்ட பேனா நிக்கிது, பூமி சுத்துது, ஆப்பிரிக்கா போயி அட்லாண்டிக் தாண்டி கோஸ்டா ரிக்கா வந்துச்சு, அதோட தலைநகர் சான் ஹோசேயும் 9.9 டிகிரி வடக்குதான், மதுரையும் அதுவும் ஒரே அட்சக்கோடு! இன்னொரு நாள் சுத்தாம பட்டையோடயே மேல ஏறி போனோம், ஆக்ரா வந்துச்சு, அதுவும் 78 டிகிரி கிழக்கு. மீனாட்சியம்மன் கோயில்ல இருந்து நேரா வடக்க போனா தாஜ்மகாலுக்கு கொஞ்சம் பக்கத்துலயே போயி சேரலாம்னு எனக்கே இந்த வயசுலதான் தெரியும். தட்டை மேப்புல இது இவ்வளவு சுளுவா மனசுல உக்காராது.

பாப்பா ஒரு கேள்வி கேட்டுச்சு, நான் அசந்துட்டேன். "ம்மா, 78 டிகிரி கிழக்குன்னா எதுக்கு கிழக்கு? கிரீன்விச்சுக்குத்தான? அப்ப இதுவும் இன்னொரு இடத்தை வச்சுத்தான சொல்றோம்?" நெசம்தான், கிரீன்விச்சுங்கிறது லண்டன்ல 0 டிகிரி கோடு போற இடம். நிலநடுக்கோடு பூமி சுத்துறதுனால தானா அமைஞ்சது, ஆனா 0 டிகிரி தீர்க்கக்கோடு மனுஷங்க கூடி பேசி வச்சது, 1884ல வாஷிங்டன் மாநாட்டுல. அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒரு கோடு வச்சிருந்தாங்க, நம்ம மெட்ராஸ் அப்சர்வேட்டரி (வானத்தை ஆராயுற நிலையம்) இருந்த இடத்தை வச்சு மெட்ராஸ் டைம்னு ஒண்ணு இருந்துச்சு, ரயிலெல்லாம் அந்த டைம்லதான் ஓடுச்சு, 1906லதான் இப்ப இருக்குற இந்திய நேரம் வந்துச்சு. உலகமே ஒரே கோட்டை ஏத்துக்கிட்டதுனால யாருகிட்ட கேட்டாலும் மதுரைக்கு அதே நம்பர் வருது, வித்தியாசம் அதுதான்னு சொன்னேன், ஒத்துக்கிட்டா.

நம்பர்ல ஒரு வேலையும் நடக்குது. இந்திய நேரம் 82.5 டிகிரிக்கு கணக்கு, நம்ம 78.1. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம்னா கிட்டத்தட்ட பதினேழரை நிமிஷம், அதனால கடிகாரத்துல 12 அடிச்சப்புறமும் சராசரியா அவ்வளவு நேரம் கழிச்சுத்தான் நமக்கு சூரியன் உச்சிக்கு வருது (மாசத்துக்கு மாசம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்).

இப்ப குறைக்கு வர்றேன். முதல்ல குடுத்த பீஸ் சரியில்ல. இந்த உருண்டை ரெண்டு அரை உருண்டையா வந்து நிலநடுக்கோட்டுல ஒட்டுறது, என்னோடதுல மேல் பாதியில வர்ற 75 கோடும் கீழ் பாதியில வர்ற 75 கோடும் 2 மில்லிமீட்டர் விலகி நின்னுச்சு. 2 மில்லிமீட்டர் தானன்னு தோணும், ஆனா இந்த அளவுல அது 85 கிலோமீட்டர். அமைவிடம் படிக்க வாங்குற பொருள்ல அமைவிடமே தப்பா இருந்தா எப்படி. கடைக்காரர் "எல்லாமே இப்படித்தான் வரும்க்கா"ன்னாரு, நான் விடல, இன்னும் நாலு பெட்டியை பிரிக்க சொல்லி கோடு கோட்டோட சேருற ஒண்ணா பாத்து எடுத்துட்டு வந்தேன். அதனால ஆன்லைன்ல வாங்காதீங்க, கடையில நேர்ல போயி ஒரு சுத்து முழுக்க ஒட்டு கோட்டை பாருங்க.

டிகிரி போட்ட பட்டை இல்லாத குளோப் 500 ரூபாய்க்கே கிடைக்குது, வேணாம், அது பொம்மை மாதிரிதான் இருக்கும், நம்பர் படிக்க முடியாது. உள்ள லைட் எரியிற மாடல் இதைவிட 600 ரூபா அதிகம், அதுக்கும் அவசியம் இல்ல. 8 இன்ச்சுல எழுத்து ரொம்ப பொடிசு, 12க்கு கீழ போகாதீங்க. எழுத்து எல்லாம் இங்கிலீஷ்லதான், தமிழ்ல நான் தேடுன மூணு கடையிலயும் இல்ல, அது எனக்கு பெரிய வருத்தம், தமிழ் மீடியம் புள்ளைகளுக்கு நம்ம எழுத்துல ஒண்ணு வரணும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஊருக்கு புள்ளி வைக்கிறவங்க ஜெல் பேனால வைக்காதீங்க, தூசி துடைக்கும்போது அழிஞ்சுருது, நாங்க ரெண்டு தடவை மதுரையை மறுபடி அளந்து வச்சோம், இப்ப சிடி மார்க்கர்ல வச்சிருக்கோம், நிக்கிது.